‘77-ஆம் ஆண்டு வாசித்’ என்றொரு திர்ஹம் இருக்க முடியாது

சார்ஜாவில் கணக்கராக வேலை பார்க்கும் வாசகர் ஒருவர் ஆறு பக்கக் கடிதமும் பதினொரு நாணயங்களின் படங்களும் அனுப்பியிருக்கிறார். வயது 46, சொந்த ஊர் ராமநாதபுரம் மாவட்டம், பெயர் வேண்டாம் என்கிறார். இரண்டு வருடமாக உமையா, அப்பாஸியா என்ற தொடக்ககால இஸ்லாமிய அரச மரபுகளின் காலத்து வெள்ளித் திர்ஹம் நாணயங்களைச் சேர்த்து வருகிறார். ஒவ்வொன்றின் எடையையும் குறித்து அனுப்பியிருப்பது கணக்கருக்கே உரிய ஒழுங்கு. இப்போது ஒரு கடைக்காரர் அவர் முன் இரண்டு சரக்குகளை வைத்திருக்கிறார். ஒன்று, ‘ஹிஜ்ரி 77, வாசித்’ (இஸ்லாமிய ஆண்டும், நாணயம் அடித்த இராக்கிய ஊரும்) என்று சொல்லப்படும் ஒற்றை நாணயம், எடை 2.84 கிராம், விலை 9,000 அமீரகத் திர்ஹம். மற்றொன்று, ‘இராக்கிலிருந்து நேராக வந்தது, மண்கூடப் போகவில்லை’ என்ற சிபாரிசோடு 40 நாணயங்கள் கொண்ட கொத்து, 14,000 திர்ஹம். பணிக்கொடைப் பணத்தில் இரண்டையும் வாங்கி, ஊருக்குக் கொண்டுபோய் வைத்திருந்து, மகளின் கல்லூரிச் செலவுக்கு லண்டன் ஏலத்தில் விற்கலாம் என்பது திட்டம்.

கூடவே சில சந்தேகங்கள். பக்கத்து அறை நண்பர், ‘கலீஃபா பெயரே இல்லையே, எல்லாம் போலி’ என்கிறார். ராஜா தலை போட்ட ஒரு நாணயம் 1.9 கிராம்தான் இருக்கிறது. காந்தத்தில் எதுவும் ஒட்டவில்லை, ஆகவே எல்லாம் வெள்ளிதானே? ஒன்றைப் பல்பசை போட்டுத் தேய்த்ததில் பளபளவென்று வந்தது, மற்றவற்றையும் தேய்க்கலாமா? குர்ஆன் ஓதத் தெரிந்தும் இந்த எழுத்தைப் படிக்க முடியவில்லையே, ஏன்?

அன்புள்ள சகோதரருக்கு,

பணத்தை இன்னும் கொடுக்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியே இருங்கள். 9,000 திர்ஹம் நாணயத்திலிருந்து தொடங்குகிறேன். அதைப் புரிந்துகொண்டால் உங்கள் கேள்விகளில் பாதி தானாகத் தீர்ந்துவிடும்.

உமையா மரபைச் சேர்ந்த கலீஃபா அப்துல் மலிக் இப்னு மர்வான் உருவங்களை நீக்கிவிட்டு எழுத்து மட்டுமே கொண்ட நாணயத்துக்கு மாறியது முதலில் தங்கத்தில். அந்தத் தீனார் ஹிஜ்ரி 77-இல் வந்தது. வெள்ளிக்கு அந்த மாற்றம் 78-இல் மிகச் சில ஊர்களில் தொடங்கி, 79-இல்தான் பல ஊர்களுக்குப் பரவியது. அதாவது எழுத்து மட்டுமே கொண்ட 77-ஆம் ஆண்டுத் திர்ஹம் என்ற பேச்சே காலத்துக்கு ஒத்துவரவில்லை. இனி ஊரைப் பாருங்கள். வாசித் என்றால் ‘நடுவில் இருப்பது’. இராக்கில் கூஃபாவுக்கும் பஸ்ராவுக்கும் இடையில், உமையாக்களின் ஆளுநர் ஹஜ்ஜாஜ் இப்னு யூசுஃப் கட்டிய நகரம் அது. ஹிஜ்ரி 83 வாக்கில்தான் அதன் கட்டுமானமே தொடங்குகிறது. நாணயச்சாலை 84-இலிருந்து ஓடுகிறது. 77-இல் அந்த இடத்தில் நகரமே இல்லை. இல்லாத ஊரின் பெயரை அச்சில் வெட்ட யாராலும் முடியாது.

அதற்காகக் கடைக்காரர் பொய் சொல்கிறார் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். நாணயமும் போலியாக இருக்க வேண்டியதில்லை. படத்தில் பார்த்தவரை எழுத்து நல்ல வாசித் வேலைப்பாடுதான். தவறு ஆண்டை வாசித்ததில் இருக்கிறது. அந்தத் தவறு எங்கே நடக்கிறது என்று தெரிந்துகொண்டால் இனி உங்களை யாரும் இந்த வழியில் ஏமாற்ற முடியாது.

பல்லை எண்ணிப் படிப்பது

உங்களுக்கு ஓதத் தெரிந்தும் படிக்க முடியாமல் போனதற்குக் காரணம் புள்ளி. நாணயத்தில் இருப்பது கூஃபி என்ற பழைய அரபு எழுத்து, அதில் புள்ளி கிடையாது. பா, தா, நூன், யா எல்லாம் கோட்டிலிருந்து மேலே நீட்டிய ஒரே மாதிரிப் பல்லாகிவிடும். வரிசையாக நிற்கும் பற்களில் எது எந்த எழுத்து என்பதை இடத்தையும் உயரத்தையும் வைத்துத்தான் சொல்ல முடியும்.

ஆண்டு எண்ணால் எழுதப்படுவதில்லை, சொல்லால் எழுதப்படும். ஒன்றாம் இடம் முதலில், பத்தாம் இடம் பிறகு. ‘ஸப்அ வ திஸ்ஈன்’ என்றால் ஏழும் தொண்ணூறும், 97. இதில்தான் வம்பு. ஏழைக் குறிக்கும் ‘ஸப்அ’ என்ற சொல்லில் ஸீனுக்கு மூன்று பல், பாவுக்கு ஒரு பல், பிறகு ஐன். ஒன்பதைக் குறிக்கும் ‘திஸ்அ’வில் தாவுக்கு ஒரு பல், ஸீனுக்கு மூன்று பல், பிறகு ஐன். புள்ளியை எடுத்துவிட்டால் இரண்டிலும் நான்கு பல், ஓர் ஐன். எழுபது (‘ஸப்ஈன்’), தொண்ணூறு (‘திஸ்ஈன்’) இரண்டுக்கும் இதே கதை. எனவே அவசரமாகப் பார்த்தால் 77, 79, 97, 99 நான்கும் ஒன்றுபோலவே தெரியும்.

அச்சு வெட்டியவர்களுக்கும் இந்தச் சிக்கல் தெரியும். அதனால் ஸீனின் மூன்று பற்களைக் குட்டையாகவும், பா அல்லது தாவின் பல்லைச் சற்று உயரமாகவும் வெட்டினார்கள். வலமிருந்து எண்ணுங்கள். முதல் பல் உயர்ந்திருந்தால் ஒன்பது, நான்காவது பல் உயர்ந்திருந்தால் ஏழு. தேய்ந்த நாணயத்தில் இந்த உயர வித்தியாசம் போய்விடும். அப்போது ஊரும் ஆட்சியும் கைகொடுக்க வேண்டும். உங்கள் நாணயத்தில் ஊர் வாசித் என்று தெளிவாக இருப்பதால் 77-உம் 79-உம் கழிந்துபோகின்றன. மிஞ்சுவது 97 அல்லது 99. அவற்றுக்கு 9,000 கொடுப்பது எந்தக் கணக்கிலும் சேராது. வாசித்தான் உமையாக்களின் மிகப் பெரிய வெள்ளி நாணயச்சாலை. சில ஆண்டுகள் அரியவை என்றாலும், சாதாரண ஆண்டின் நல்ல நிலையிலுள்ள திர்ஹம் சில நூறு அமீரகத் திர்ஹமுக்குள் கிடைத்துவிடும்.

படிக்கப் பழகும்போது நடுவிலிருந்து தொடங்குங்கள். முன்பக்கம் மூன்று வரியில் ‘லா இலாஹ இல்லல்லாஹு வஹ்தஹூ லா ஷரீக்க லஹூ’. இது உங்களுக்கு மனப்பாடம் என்பதால் கூஃபி எழுத்தின் வடிவங்களை இதிலிருந்தே பழகிவிடலாம். அதைச் சுற்றி ஓடும் வட்ட வரியில் ‘பிஸ்மில்லாஹ், ளுரிப ஹாதத் திர்ஹம்’ என்று தொடங்கி ஊர், பிறகு ‘ஃபீ ஸனத்’ என்று ஆண்டு. எழுத்தின் அடி மையத்தைப் பார்த்திருக்கும். வரி இடஞ்சுழியாக ஓடும். நாணயத்தை வலஞ்சுழியாகத் திருப்பிக்கொண்டே போனால் எழுத்து நிமிர்ந்தே வரும். பின்பக்கத்தின் நடுவில் குர்ஆனின் இக்லாஸ் சூராவின் (அத்தியாயத்தின்) வாசகம், சுற்றிலும் ‘முஹம்மதுர் ரஸூலுல்லாஹ், அர்ஸலஹூ பில்ஹுதா...’ என்று தவ்பா சூராவின் 33-ஆம் வசனம்.

ஹிஜ்ரி ஆண்டை 0.97-ஆல் பெருக்கி 622 கூட்டினால் கிட்டத்தட்ட ஆங்கில ஆண்டு வரும். 97 என்றால் 716. ஓராண்டு முன்பின் ஆகலாம். சந்திர ஆண்டு என்பதால் ஒரு ஹிஜ்ரி ஆண்டு இரண்டு ஆங்கில ஆண்டுகளில் கால் வைத்திருக்கும்.

கலீஃபா பெயர் இல்லை என்ற சந்தேகம்

உங்கள் நண்பரின் வாதம் தலைகீழ். உமையாத் திர்ஹமில் கலீஃபா பெயர் இருந்தால்தான் சந்தேகப்பட வேண்டும். சீர்திருத்தம் உருவத்தோடு ஆட்சியாளரின் பெயரையும் நாணயத்திலிருந்து எடுத்துவிட்டது. ஹிஜ்ரி 132-இல் ஆட்சிக்கு வந்த அப்பாஸியாக்களும் முதலில் அப்படியே தொடர்ந்தார்கள். பின்பக்க நடுவில் இக்லாஸ் வாசகத்தை எடுத்துவிட்டு ‘முஹம்மதுர் ரஸூலுல்லாஹ்’ என்று மூன்று வரியில் போட்டது மட்டும் உடனே கண்ணில் படும் மாற்றம். திர்ஹமில் ஆளும் கலீஃபாவின் பெயர் வழக்கமாக வருவது மஹ்தி (158–169) காலத்திலிருந்து. உங்களிடம் உள்ள மூன்றாவது நாணயத்தில் ஊர் ‘மதீனத்துஸ் ஸலாம்’ என்று இருக்கிறது. அது மதீனா அல்ல, பக்தாத். நாணயங்களில் அந்த நகரத்துக்கு அதுதான் பெயர்.

இக்லாஸ் வசனம் உள்ள நாணயத்தை ஒளு (தொழுகைக்கு முன் கை, கால், முகம் கழுவுவது) இல்லாமல் தொடலாமா என்று போகிறபோக்கில் கேட்டிருக்கிறீர்கள். அது மார்க்க அறிஞர் சொல்ல வேண்டிய பதில். ஒன்று மட்டும் சொல்கிறேன், இந்தக் கேள்வி புதிதல்ல. ஹஜ்ஜாஜ் வசனத்தோடு திர்ஹம் அடித்தபோதே அன்றைய அறிஞர்கள் சிலர் முகம் சுளித்ததாகவும், அந்தக் காசுக்கு ‘மக்ரூஹா’ (வெறுக்கத்தக்கது) என்றே பெயர் விழுந்ததாகவும் பழைய அரபு வரலாற்றாசிரியர்கள் எழுதியிருக்கிறார்கள்.

1.9 கிராம் ராஜா தலை

உங்கள் ஏழாவது நாணயம். ஒரு பக்கம் சிறகு வைத்த கிரீடத்தோடு ஒரு தலை, மறுபக்கம் நெருப்புப் பீடமும் இரண்டு காவலர்களும். விற்றவர் இதை, இஸ்லாத்துக்கு முன் ஈரானை ஆண்ட சாசானியப் பேரரசர் குஸ்ரூவின் நாணயம் என்றார். நீங்கள் எடை பார்த்து, நான்கு கிராம் இருக்க வேண்டியது பாதிதான் இருக்கிறது, போலி என்று முடிவு கட்டிவிட்டீர்கள். இருவர் சொன்னதும் சரியில்லை. காஸ்பியன் கடலின் தென்கரையில் தபரிஸ்தான் என்றொரு பகுதி. அங்கே உள்ளூர்ச் சிற்றரசர்களும், அவர்களுக்குப் பின் அப்பாஸிய ஆளுநர்களும் சாசானிய அச்சையே பின்பற்றி, அதில் சரிபாதி எடையில் வெள்ளி நாணயம் அடித்தார்கள். 1.9 கிராம் என்பது அதற்கு மிகச் சரியான எடை. அதில் ஆண்டு ஹிஜ்ரியில் இல்லை. கடைசி சாசானிய அரசர் யஸ்த்கிர்தின் மறைவிலிருந்து எண்ணும் கணக்கு அது, பஹ்லவி என்ற பழைய பாரசீக எழுத்தில் இருக்கும். அந்த ஆண்டோடு 651 கூட்டிக்கொள்ளுங்கள். உங்கள் தொகுப்பில் சந்தேகமே எழாத நாணயங்களில் இது ஒன்று.

உண்மையில் கவலைப்பட வேண்டிய இரண்டு

ஐந்தாம் படத்தையும் எட்டாம் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டு பேரிடம் வாங்கியதாக எழுதியிருக்கிறீர்கள். ஆனால் இரண்டிலும் ஓரத்தில் நான்கு மணி திசையில் ஒரே மாதிரி விரிசல். இரண்டிலும் அச்சு ஒரே பக்கம், ஒரே அளவு விலகியிருக்கிறது. எடையும் 2.78, 2.79.

ஒரே அச்சில் அடித்த இரண்டு நாணயங்கள் கிடைப்பது இயல்பு. எழுத்து அப்படியே ஒத்திருக்கும். ஆனால் வெள்ளி வில்லை ஒவ்வொன்றும் தனி. சுத்தியல் விழும் கோணம் ஒவ்வொரு முறையும் மாறும். ஓர விரிசல் அந்த ஒரு வில்லையின் சொந்தக் காயம். அது இன்னொன்றில் அதே இடத்தில் அதே வடிவில் வர வழியே இல்லை. வந்தால் இரண்டும் ஒரு தாய் நாணயத்திலிருந்து வார்க்கப்பட்டவை, அல்லது ஒன்று மற்றொன்றின் வார்ப்பு. பத்து மடங்கு உருப்பெருக்கியில் பாருங்கள். எழுத்தின் ஓரம் தேய்ந்த சோப்புக்கட்டி போல மழுங்கியிருக்கும், பரப்பில் குண்டூசி முனை அளவுக்கு உருண்டையான பள்ளங்கள் தெரியும். ஓரத்தைச் சுற்றிலும் அரம் போட்ட கோடு இருந்தால், வார்ப்பின் இணைப்பை மறைத்திருக்கிறார்கள். அடித்த நாணயத்தில் எழுத்தின் தோள் கூர்மையாக இருக்கும். தேய்ந்திருந்தாலும் மேல்பக்கம்தான் தட்டையாகும். மண்ணில் அரித்த பள்ளமும் இருக்கலாம், ஆனால் அது ஒழுங்கற்றிருக்கும், உருண்டையாக இராது.

காந்தச் சோதனை இரும்பு, நிக்கல் போன்ற சிலவற்றை மட்டும்தான் காட்டிக்கொடுக்கும். செம்பு, வெள்ளீயம், ஈயம், ஜெர்மன் சில்வர் (வெள்ளியே இல்லாத செம்புக் கலவை) எதுவும் காந்தத்தில் ஒட்டாது. அடர்த்தி பாருங்கள். தராசில் ஒரு தம்ளர் தண்ணீரை வைத்து, எண்ணைப் பூஜ்யமாக்குங்கள். நாணயத்தை மெல்லிய நூலில் கட்டி, முழுதும் மூழ்கி அடியைத் தொடாதபடி தொங்கவிடுங்கள். குமிழி ஒட்டியிருந்தால் ஆட்டி விடுங்கள். நாணயத்தின் எடையைத் தராசு இப்போது காட்டும் எண்ணால் வகுத்தால் அடர்த்தி. சுத்த வெள்ளிக்கு 10.49. உமையாத் திர்ஹம் உயர்தர வெள்ளி என்பதால் பத்துக்கு மேலேதான் வர வேண்டும்.

இதில் ஒரு பொறி இருக்கிறது. உங்கள் நகைத் தராசு இரண்டு தசமம்தான் காட்டும். 2.84 கிராம் நாணயத்துக்கு அது 0.28 என்று காட்டினால், உண்மையில் 0.275-க்கும் 0.285-க்கும் இடையே எதுவாகவும் இருக்கலாம். அடர்த்தி 9.96-ஆகவும் இருக்கலாம், 10.33-ஆகவும் இருக்கலாம். நல்ல வெள்ளியா, செம்பு கலந்த மட்ட வெள்ளியா என்று அதை வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. 0.33 வந்தால் ஜெர்மன் சில்வர், 0.39 வந்தால் வெள்ளீயம் என்று சொல்லலாம். நுணுக்கத்துக்கு மூன்று தசமத் தராசு வேண்டும். அப்போதும் இன்றைய வெள்ளியில் வார்த்த போலி இந்தச் சோதனையில் முழு மதிப்பெண் வாங்கிவிடும். ஆகவே எடை, அடர்த்தி, எழுத்து, ஓரம் என்று நான்கும் சேர்ந்துதான் சாட்சி. எடை பற்றி ஒரு குறிப்பு. பத்துத் திர்ஹம் ஏழு மிஸ்காலுக்கு (பழைய அரபு எடை அளவு) சமம் என்று ஜகாத் கணக்கில் படித்திருப்பீர்கள். 4.25 கிராம் மிஸ்காலுக்கு அது 2.97 கிராம். நடைமுறையில் 2.8 முதல் 2.95 வரை வருவது இயல்பு. உங்கள் ஒன்பதாவது நாணயம் 2.31 இருப்பதற்குக் காரணம் ஓரத்தைக் கத்தரித்திருப்பது. வெளிவட்டமும் அதிலுள்ள சின்ன வளையங்களும் காணாமல் போயிருப்பதைப் பாருங்கள். அது போலி அல்ல, அந்தக் காலத்துத் திருட்டு.

சுண்டிப் பார்த்து ஓசை கேட்கும் பழக்கம் வேண்டாம். பல நூற்றாண்டு மண்ணுக்குள் கிடந்த வெள்ளி உள்ளே படிகமாகி, கற்கண்டு போல உடையும். அப்படிப்பட்ட உண்மையான நாணயம் மந்தமாகத்தான் ஒலிக்கும், கீழே விழுந்தால் இரண்டாகும்.

அந்த இரண்டு நாணயங்களுக்கும் கையெழுத்து ரசீது இருப்பதாகச் சொல்கிறீர்கள். இரண்டையும் ஒரே படத்தில் வைத்து, ஒத்திருக்கும் இடங்களைக் குறித்து, இரு கடைக்காரர்களுக்கும் எழுத்தில் அனுப்பிப் பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். பெயரைக் காப்பாற்ற நினைக்கும் வியாபாரி பேசாமல் திருப்பிக் கொடுத்துவிடுவார். மறுத்தால் அவரிடம் இனி வாங்கக் கூடாது என்பதாவது தெரியும். எதுவானாலும் அவற்றை இன்னொருவர் தலையில் கட்டாதீர்கள்.

40 நாணயக் கொத்தும் சட்டமும்

‘மண்கூடப் போகவில்லை’ என்பதைக் கடைக்காரர் பெருமையாகச் சொல்கிறார், நீங்களும் அப்படியே எடுத்துக்கொண்டீர்கள். கடிதத்தில் என்னை உறுத்திய வரி அதுதான். ஐக்கிய நாடுகள் பாதுகாப்பு அவையின் 2003-ஆம் ஆண்டு 1483-ஆம் தீர்மானம், 1990 ஆகஸ்ட் 6-க்குப் பிறகு இராக்கிலிருந்து சட்டவிரோதமாக வெளியேறிய கலாசாரப் பொருள்களின் வியாபாரத்தைத் தடுக்கும்படி எல்லா நாடுகளையும் கேட்டது. சிரியாவுக்கு 2015-இல் வந்த 2199-ஆம் தீர்மானம் அதையே 2011 மார்ச் 15-லிருந்து சொல்கிறது. புதிதாகத் தோண்டிய கொத்து என்று விற்பவரே வாயால் சொல்லும் சரக்கை, பின்னாளில் எந்த நல்ல ஏல நிறுவனமும் வாங்கிக்கொள்ளாது. ‘எங்கே வாங்கினீர்கள், அதற்கு முன் யாரிடம் இருந்தது’ என்பதுதான் அவர்களின் முதல் கேள்வி.

இங்கே இன்னொரு தவறான எண்ணத்தையும் விலக்கிவிட வேண்டும். வாசித்தில் அடித்த நாணயம் என்பதாலேயே அது இராக்கில் தோண்டியது என்று ஆகிவிடாது. திர்ஹம் உலகம் சுற்றிய காசு. சுவீடனின் காட்லாந்து தீவில் 1999-இல் கிடைத்த ஸ்பில்லிங்ஸ் புதையலில் 14,000-க்கும் மேல் நாணயங்கள், பெரும்பாலும் இஸ்லாமிய வெள்ளி. ஐரோப்பாவில் மூன்று தலைமுறையாகக் கைமாறிய, பழைய ஏலச் சீட்டோடு வரும் வாசித் திர்ஹம்கள் நிறையவே உண்டு. அவற்றுக்குக் கொஞ்சம் கூடுதல் விலை கொடுக்கலாம், அந்தச் சீட்டுக்காக.

ஆக, அந்தக் கொத்தை விட்டுவிடுங்கள். விலைக் கணக்கிலும் அது லாபமில்லை. ஒன்று 350 திர்ஹம் வீதம் வருகிறது. பொறுக்கி எடுத்த நல்ல நாணயத்தின் விலை அது. கொத்தில் கத்தரித்ததும் உடைந்ததும் போலியும் கலந்தே வரும். எட்டு கழிந்தாலே மிச்சம் 32-க்கும் 437 திர்ஹம் ஆகிவிடும்.

ஊருக்குக் கொண்டுபோவதில் கவனிக்க வேண்டியவை:

முதலாவது, புறப்படும் நாடு. அமீரகத்தில் தொல்பொருள் பற்றி 2017-ஆம் ஆண்டின் 11-ஆம் எண் கூட்டாட்சிச் சட்டம் இருக்கிறது. பெட்டி கட்டுவதற்கு முன் சார்ஜா தொல்லியல் ஆணையத்துக்குப் பட்டியலும் படமும் ரசீதும் அனுப்பி, எடுத்துச் செல்ல அனுமதி தேவையா என்று எழுத்தில் பதில் வாங்கிக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, இந்தியச் சுங்கம். பயணிகளுக்கான வரிச்சலுகை, ஆபரணம் அல்லாத வெள்ளிக்குப் பொருந்தாது. சட்டைப்பையில் போட்டுக்கொண்டு பச்சை வழியில் போகாமல், சிவப்பு வழியில் ரசீதோடு அறிவியுங்கள். அந்தக் காகிதம் பிற்பாடு உங்கள் உரிமைக்கு ஆதாரமாகவும் நிற்கும்.

மூன்றாவது, பலரும் யோசிக்காதது, உங்கள் திட்டத்தையே கவிழ்ப்பது. இந்தியாவின் 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள்கள் மற்றும் கலைச் செல்வங்கள் சட்டப்படி, 100 ஆண்டுக்குக் குறையாத எந்த நாணயமும் தொல்பொருள். இந்திய நாணயம், வெளிநாட்டு நாணயம் என்ற வேறுபாடு அந்த வரையறையில் இல்லை. தொல்பொருளை நாட்டுக்கு வெளியே அனுப்பும் அதிகாரம் மத்திய அரசுக்கும் அது அனுமதித்த அமைப்புகளுக்கும் மட்டுமே. மீறினால் ஆறு மாதத்துக்குக் குறையாமல் மூன்று ஆண்டு வரை சிறை, அபராதமும் உண்டு. அதாவது இந்தியாவுக்குள் ஒருமுறை நுழைந்த திர்ஹமை லண்டன் ஏலத்துக்கு நீங்கள் அனுப்ப முடியாது. உள்நாட்டில் தொழிலாகவே விற்பதானால் அதற்கும் உரிமம் வேண்டும்.

விற்பதுதான் நோக்கம் என்றால், விற்க வேண்டியவற்றை அமீரகத்தில் இருக்கும்போதே விற்றுவிடுங்கள். ஊருக்குப் போகிறவை உங்களோடும் உங்கள் மகளோடும் இருக்கப் போகிறவை என்று முடிவு செய்துகொண்டு கொண்டுபோங்கள்.

முதலீடு என்ற கணக்கு

கணக்கருக்குக் கணக்காகவே சொல்கிறேன். ஏலத்தில் 100-க்கு விழுந்த நாணயத்துக்கு, வாங்குவோர் கட்டணம் 20 சதவீதம் என்றால் நீங்கள் கொடுப்பது 120. திரும்ப விற்கும்போது உங்களிடம் 10 சதவீதம் பிடித்தால், 120 கைக்கு வர அது 133-க்கு மேல் விழ வேண்டும். தபால், காப்பீடு தனி. மூன்றில் ஒரு பங்கு விலை ஏறினால்தான் முதலே தேறும். கல்லூரிக் கட்டணம் கேட்கும் மாதத்தில் ஏலம் நடக்க வேண்டும், அந்த ஏலத்தில் அந்த ஊர், அந்த ஆண்டு வேண்டும் என்பவர் இரண்டு பேராவது இருக்க வேண்டும். பணிக்கொடையைத் தொடாதீர்கள். 1,300 ஆண்டுப் பழமை என்பது தனியாக விலை பேசாது. எத்தனை மிஞ்சியிருக்கிறது, எத்தனை பேர் தேடுகிறார்கள் என்பதுதான் பேசும்.

சேர்க்கும் ஆசையை விடச் சொல்லவில்லை. 40-க்குப் பதில் ஐந்து வாங்குங்கள். வாசித்தில் அடித்த ஓர் உமையாத் திர்ஹம். ‘முஹம்மதுர் ரஸூலுல்லாஹ்’ நடுவில் வரும் ஆரம்பகால அப்பாஸியாத் திர்ஹம் ஒன்று. மஹ்தி அல்லது ஹாரூன் ரஷீத் பெயர் உள்ளது ஒன்று. அப்பாஸியக் கலீஃபா மஃமூன் காலத்தில், ஹிஜ்ரி 206-க்குப் பின் பரவிய புதுப் பாணியில் ஒன்று. முன்பக்கம் வட்ட வரி இரண்டாகி, வெளிவரியில் ரூம் சூராவின் வாசகம் ஓடுவதை வைத்து அதை அடையாளம் காணலாம், எழுத்தும் மெலிந்து அழகாகியிருக்கும். கடைசியாக ஷாஷ் (இன்றைய தாஷ்கண்ட்) அல்லது சமர்கந்தில் அடித்த, மத்திய ஆசியாவை ஆண்ட ஸாமானிய மரபின் திர்ஹம். அதில் பக்தாத் கலீஃபாவின் பெயரோடு உள்ளூர் அமீரின் பெயரும் இருக்கும். பெயரே இல்லாத நாணயத்தில் தொடங்கி இரண்டு பெயர் வரும் நாணயம் வரை, இரண்டு நூற்றாண்டில் அதிகாரம் எப்படி நகர்ந்தது என்பதை இந்த ஐந்தையும் உள்ளங்கையில் வைத்தே காட்டலாம். உங்களிடம் இருப்பவற்றில் மூன்று ஏற்கெனவே இந்த வரிசையில் சேர்கின்றன. இன்னும் ஆசை இருந்தால் சிந்து மாகாண அரபு அமீர்களின் அரை கிராம் சிறு வெள்ளிக்காசு ஒன்று. மலிவு, ஆனால் படிக்கக் கண் வலிக்கும்.

இனி வாங்கும் ஒவ்வொன்றுக்கும் ரசீதில் ஊர், ஆண்டு, எடை, விட்டம், படம், முந்தைய உடைமையாளர் பற்றிய விவரம், ‘போலி என்று தெரிந்தால் பணம் திரும்பும்’ என்ற வரி ஆகியவை இருக்கட்டும். ஆண்டை நீங்களே படித்துப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள். ஒப்பிட்டுப் பார்க்க நியூயார்க்கின் அமெரிக்க நாணயவியல் கழகத்தின் இணையத் தொகுப்பு இலவசம். ஊர்ப் பெயரும் ஹிஜ்ரி ஆண்டும் கொடுத்துத் தேடலாம்.

பல்பசை

தேய்த்தது போனது போனதுதான். பல்பசையில் இருக்கும் நுண்ணிய பொடி வெள்ளியின் மேல்தோலையே எடுத்துவிடும். விளக்கைச் சாய்த்துப் பார்த்தால் மயிரிழைக் கீறல்கள் தெரியும். வாங்குபவர் கண்ணில் அதுதான் முதலில் படும். அதைக் கறுக்கவைக்கிறேன் என்று முட்டை, கந்தகம் என எதையும் முயலாதீர்கள், காலப்போக்கில் தானாக நிறம் வரும். புளி, எலுமிச்சை, பாத்திரப் பொடி எதுவும் மற்றவற்றின் பக்கம் போகக் கூடாது. மண் ஒட்டியிருந்தால் காய்ச்சி வடித்த நீரில் சில நாள் ஊறப்போட்டு, தண்ணீரை மாற்றி, தேய்க்காமல் ஒற்றி உலர்த்துங்கள். பசையோ எண்ணெயோ இருந்தால் சுத்த அசிட்டோன் போதும். நகப்பூச்சு அகற்றும் திரவம் அல்ல, அதில் வேறு சேர்மானங்கள் உண்டு. சாம்பல் கலந்த ஊதா நிறத்தில் மெழுகு போலப் படிந்திருப்பது வெள்ளிக் குளோரைடு. அதைச் சுரண்டினால் கீழே உள்ள எழுத்தும் அதோடு வந்துவிடும்.

உங்கள் ஆல்பத்தின் தாளைத் திறந்து முகர்ந்து பாருங்கள். புது மழைக்கோட்டு வாசனை வந்தால் அது பிவிசி. நாளடைவில் பச்சைப் பிசினாகக் கசிந்து நாணயத்தில் ஒட்டும். இன்றே மாற்றுங்கள். பாலியெஸ்டர் உறையோ அமிலமில்லாத காகித உறையோ நல்லது. ரப்பர் பேண்டு கூடாது, அதில் உள்ள கந்தகம் வெள்ளியைக் கறுக்கும். கடலோர ஈரத்துக்குப் பெட்டியில் சிலிக்கா ஜெல் போட்டு, நிறம் மாறும்போது மாற்றிவிடுங்கள்.

வாசித் நாணயத்துக்கு வருகிறேன். 97-ஆ 99-ஆ என்று நீங்கள் அனுப்பிய படத்தில் பிரித்துச் சொல்ல முடியவில்லை, வெளிச்சம் நேர்மேலிருந்து விழுந்து பற்களின் உயரம் தெரியவில்லை. கடைக்காரர் சம்மதித்தால், விளக்கை மேசை மட்டத்தில் ஒரு பக்கமாக வைத்து, ‘ஃபீ ஸனத்’ என்ற சொல்லுக்குப் பிறகு வரும் பகுதியை மட்டும் நெருக்கமாக எடுங்கள். பிறகு விளக்கை எதிர்ப்பக்கம் வைத்து இன்னொன்று. அனுப்புவதற்கு முன் வலமிருந்து பற்களை நீங்களே எண்ணி, உங்கள் விடையையும் எழுதியனுப்புங்கள்.